ரோட்டவேட்டர் ஷாப்ட்: அளந்து அறுப்பது எப்படி?

நஞ்சையிலும் புஞ்சையிலும் இன்று ரோட்டவேட்டர் உழவு பரவலாகிவிட்டது. சிறு விவசாயிகளில் சிலர் பழைய ரோட்டவேட்டரை வாங்குகிறார்கள். சிலர் கூட்டாக ஒன்றை வாங்கி, அவ்வப்போது கிடைக்கும் டிராக்டரில் மாட்டுகிறார்கள். இங்கேதான் தொல்லை வருகிறது. ஒரு டிராக்டருக்குச் சரியாக இருந்த பி.டி.ஓ. ஷாப்ட் வேறொரு டிராக்டருக்கு நீளமாகவோ குட்டையாகவோ இருக்கும்.

ஷாப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். கருவி ஏறி இறங்கும்போது இவை நீண்டு சுருங்கும். நீளம் அதிகமானால், சுருங்கும்போது உட்குழாய் மறுமுனையில் போய் முட்டும். அந்த உதை டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கையும் ரோட்டவேட்டரின் கியர் பெட்டியையும் உடைத்துவிடும். நீளம் குறைவானால் ஓட்டத்திலேயே இரு குழாய்களும் கழன்று, ஷாப்ட் சாட்டைபோல் சுழன்று அடிக்கும். அருகில் நிற்பவர் பிழைப்பது அரிது.

நீளமான ஷாப்ட்டைக் குறைப்பதை, ஹேக்ஸா ரம்பமும் அரமும் இருந்தால், வீட்டிலேயே செய்யலாம்.

அளவெடுத்தல்

1. டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, ஷாப்ட் இல்லாமல் ரோட்டவேட்டரை மட்டும் மாட்டவும்.

2. ஹைட்ராலிக்கால் கருவியைச் சிறிது சிறிதாக உயர்த்தி, நான்கைந்து நிலைகளில் நிறுத்தவும். ஒவ்வொரு முறையும் எஞ்சினை அணைத்து, கருவிக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்த பிறகே அருகில் செல்லவும்.

3. டிராக்டரின் பி.டி.ஓ. முனைக்கும் கருவியின் முனைக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளவும். மிகக் குறைந்த தூரம், மிக அதிக தூரம் ஆகிய இரண்டும் தேவை.

4. தூரம் மிகக் குறைவாக உள்ள நிலையில் கருவியை நிறுத்தி, ஷாப்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறுபாதியை ரோட்டவேட்டரிலும் மாட்டவும். இரண்டையும் பக்கத்தில் பக்கமாகப் பிடித்துப் பார்க்கவும். ஒவ்வொரு குழாயின் நுனியும் எதிர்ப்பாதியின் அடிப்பகுதியைத் தொடாமல் 4 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். நுனி அடிப்பகுதியைத் தாண்டி 3 செ.மீ. போகிறது என்றால், 3-ம் 4-ம் சேர்ந்து 7 செ.மீ. அறுக்க வேண்டும் என்று பொருள்.

அறுத்தல்

இரண்டு பாதிகளிலும் ஒரே அளவு அறுக்க வேண்டும். முதலில் மேலுள்ள பிளாஸ்டிக் உறைகளை அறுக்கவும். அறுத்தெடுத்த உறைத் துண்டையே அளவுகோலாக இரும்புக் குழாயின் மேல் வைத்துக் கோடு கிழித்தால் அளவு பிசகாது. குழாயை வைஸில் பிடித்து, கோணல் இல்லாமல் நேராக அறுக்கவும். உள்ளும் புறமும் பிசிறை அரத்தால் நன்கு தேய்த்து, இரும்புத் தூளைத் துடைத்தெடுத்து, கிரீஸ் தடவவும். தூள் உள்ளே தங்கினால் குழாய் நகராமல் இறுகிவிடும்.

பூட்டும்போது இரண்டு பாதிகளின் உட்பக்கக் கவைகளும் ஒரே வாட்டத்தில் நேராக இருக்க வேண்டும். சதுரக் குழாய் உள்ள ஷாப்ட்டில் இது தவறிப்போக வாய்ப்புண்டு. கவைகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்தால் ஷாப்ட் ஒரு சீராகச் சுழலாமல் உதறும். கிராஸ் விரைவில் போய்விடும்.

இறுதியாக, தூரம் மிக அதிகமான நிலையில் கருவியை வைத்துப் பார்க்கவும். குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று குறைந்தது 15 செ.மீ.யாவது, அல்லது குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது, எது அதிகமோ அந்த அளவு நுழைந்திருக்க வேண்டும். அவ்வளவு நுழையாவிட்டால் அந்த ஷாப்ட் அந்த டிராக்டருக்கு உதவாது. வேறு ஷாப்ட் வாங்குவதே நலம்.

செய்யக் கூடாதவை

• குட்டையான ஷாப்ட்டில் இடையே குழாய் வைத்து வெல்டிங் செய்து நீட்டக் கூடாது. நிறை ஒரு பக்கம் சாய்ந்து, வேகத்தில் முறிந்துவிடும்.

• டிராக்டரின் பி.டி.ஓ. முனையை லேத்தில் கடைவதோ, பல்லை அரத்தால் தேய்ப்பதோ கூடாது. நிமிடத்துக்கு 540 சுற்று ஓடும் பி.டி.ஓ.வுக்கு 35 மி.மீ. தடிமனில் 6 பல் இருக்கும். 1000 சுற்று ஓடும் இதே தடிமன் முனைக்கு 21 பல். பல் பொருந்தவில்லை என்றால் வேகமும் பொருந்தாது என்பதற்கு அது எச்சரிக்கை.

• ஷேர் போல்ட் அறுந்தால் அதே தரமுள்ள போல்ட்டையே போடவும். "அடிக்கடி அறுகிறது" என்று கெட்டியான போல்ட்டைப் போட்டால், அடுத்து உடைவது கியர் பெட்டி.

• உறையைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டக் கூடாது. உறை ஷாப்ட்டோடு சேர்ந்து சுழலாதபடி அதன் சங்கிலியை மாட்ட வேண்டும்.

உறை ஏன் அவசியம்?

நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. ஷாப்ட் 5 செ.மீ. தடிமன் என்று கொண்டால், அதன் சுற்றளவு சுமார் 16 செ.மீ. ஆகவே ஒரே நொடியில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் துணியை அது சுற்றி இழுத்துவிடும். தோளில் கிடக்கும் துண்டின் நுனியோ, வேட்டிக் கரையோ, சேலை முந்தானையோ சிக்கினால் கையை எடுக்க அவகாசம் இராது. "நிறுத்து" என்று கத்தவும் நேரம் இராது. ஆகவே ஷாப்ட் சுழலும்போது டிராக்டருக்கும் கருவிக்கும் இடையே எவரும் நுழையக் கூடாது. மண்ணில் ஆழமாக இறங்கட்டும் என்று ரோட்டவேட்டர் மேல் ஆளை நிறுத்துவதும், சிறுவர்களை ஏற்றுவதும் உயிரோடு விளையாடுவதாகும். கத்தியில் சுற்றிய வைக்கோலையும் கொடியையும் எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே அகற்றவும்.

எவராவது சிக்கிவிட்டால் முதலில் எஞ்சினை அணைக்கவும். எஞ்சின் ஓட்டத்தால் ஷாப்ட்டைத் திருப்பி விடுவிக்க முயல வேண்டாம். துணியை அறுத்து விடுவிக்கவும். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். துண்டான விரலோ கையோ இருந்தால் சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து உடன் கொண்டு செல்லவும். ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது.

பராமரிப்பு

எட்டு மணி நேர வேலைக்கு ஒருமுறை கிராஸ்களுக்குக் கிரீஸ் அடிக்கவும். வரப்போரம் திரும்பும்போது கருவியை அதிகம் தூக்க வேண்டியிருந்தால் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்கவும். ஷாப்ட் மாட்டியதும் இழுத்துப் பார்த்து, பூட்டுமுள் விழுந்திருக்கிறதா என்று உறுதி செய்யவும். அளவில் ஐயம் இருந்தால், அறுக்கும் முன் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். அறுத்த குழாயை மீண்டும் ஒட்ட முடியாது. ஆகவே இருமுறை அளந்து ஒருமுறை அறுக்கவும்.