கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குப் போக வேண்டுமா?

திருத்தணியில் பத்தாவது முடித்த பிள்ளைக்கு இந்த வேலையில் ஆர்வம் இருந்தால், முதலில் ஐ.டி.ஐ.யைப் பாருங்கள். ‘கம்ப்யூட்டர் ஹார்டுவேர் மற்றும் நெட்வொர்க் பராமரிப்பு’ ஓராண்டுப் படிப்பு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் எல்லை தாண்டி நகரி, புத்தூர், திருப்பதியிலும் செல்லும். ‘கோபா’ பிரிவும் ஓராண்டுதான். ஆனால் அது கம்ப்யூட்டரை இயக்கவும் புரோகிராம் எழுதவும் கற்றுத்தருவது, பழுதுபார்க்க அல்ல. சேருமுன் பிரிவின் பெயரைச் சரிபாருங்கள்.

உலகெங்கும் மதிக்கப்படும் ‘காம்ப்டியா ஏ பிளஸ்’ சான்றிதழுக்கு இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். தேர்ச்சிக்கு 900க்கு முதல் தேர்வில் 675, இரண்டாவதில் 700 வேண்டும். சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். கட்டணம் அதிகம். கடன் வாங்கிக் கட்டாதீர்கள், வேலையில் சேர்ந்தபின் எழுதலாம். பாடங்களை மட்டும் யூடியூபில் ‘புரொஃபசர் மெஸ்ஸர்’ வீடியோக்களில் இலவசமாகப் படியுங்கள்.

பழைய டெஸ்க்டாப் ஒன்று கிடைத்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராம், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மாட்டிப் பழகட்டும். தெலுங்கும் பேசத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு மாநில வாடிக்கையாளர்களும் கிடைப்பார்கள்.

‘வேலை உறுதி’ என்று முன்பணம் கேட்கும் மையத்தில், சான்றிதழ் தருவது யார் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.