கொழுப்பு அனுப்பும் செய்தி

கொழுப்பு என்றவுடன் நெய்யும் எண்ணெயும் உடற்பருமனும் நம் நினைவுக்கு வருகின்றன. உடல் தனக்கு வேண்டிய எரிபொருளாய்ச் சேர்த்து வைக்கும் பொருள் என்றே பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் ஒரு செல் மற்றொரு செல்லுக்குச் செய்தி அனுப்பவும் கொழுப்பு பயன்படுகிறது என்பது வியப்பன்றோ! அச்செய்தி திரிந்தால் என்ன நேரும் என்பதை மார்பகப் புற்றுநோயில் காணலாம்.

செல்லைச் சூழ்ந்துள்ள சவ்வில் அரக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் உள்ளது. அதில் 20 கார்பன் அணுக்கள் உண்டு. காயம் பட்டாலோ கிருமி புகுந்தாலோ ஒரு நொதி அதனைச் சவ்விலிருந்து வெட்டி எடுக்கிறது. சைக்ளோஆக்சிஜனேஸ் என்னும் வேறொரு நொதி அதைப் புராஸ்டாகிளாண்டினாக மாற்றத் தொடங்குகிறது. 1935-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் உல்ஃப் வான் ஆய்லர், இது ஒரு குறிப்பிட்ட சுரப்பியில் உண்டாவது என்று கருதி அச்சுரப்பியின் பெயரையே இதற்குச் சூட்டினார். உண்மையில் உடலின் ஏறத்தாழ எல்லாத் திசுக்களும் இதை உண்டாக்குகின்றன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

இவற்றுள் ஒன்று புராஸ்டாகிளாண்டின் ஈ2. காய்ச்சல், வலி, வீக்கம் ஆகியவற்றில் இதற்குப் பெரும் பங்குண்டு. பின்னர் வெள்ளணுக்களை அமைதிப்படுத்துவதும் இதுவே. போர் முடிந்ததும் வீரரைப் பாசறைக்கு அழைக்கும் முரசு எனலாம்.

இந்த முரசைப் புற்றுநோய் கைப்பற்றிக்கொள்கிறது. மார்பகக் கட்டிகள் பலவற்றில் சைக்ளோஆக்சிஜனேஸ்-2 மிகுதியாக இருப்பதால் ஈ2 இடைவிடாது உண்டாகிறது. டி செல்களின் மேலும் இயற்கைக் கொல்லிச் செல்களின் மேலும் ஈபி2, ஈபி4 என்னும் ஏற்பிகள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவது போல ஈ2 இவற்றில் பொருந்த, செல்லினுள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் பொருள் பெருகுகிறது. டி செல்கள் பல்கிப் பெருகத் தேவையான இன்டர்லூக்கின்-2 குறைகிறது. கொல்லிச் செல்லின் கொல்லும் ஆற்றலும் தளர்கிறது. படை இருக்கிறது, பகைவனும் எதிரே நிற்கிறான், ஆனால் போர் நடக்கவில்லை. கட்டிக்குள் வந்த மேக்ரோபேஜ்களோ காயம் ஆற்றும் வேலையில் இறங்கி, கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வளரவும் உதவிவிடுகின்றன.

ஆஸ்பிரின் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கிறது என்று 1971-இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் பெர்க்ஸ்டிராம், சாமுவெல்சன் ஆகியோருடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அப்படியானால் புற்றுநோய்க்கும் ஆஸ்பிரின் போதுமே என்று தோன்றும். அதையும் சோதித்துவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற சுமார் 3,000 பேரில் ஒரு சாராருக்கு நாள்தோறும் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினும், மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. 2024-இல் முடிவு வெளியாயிற்று. நோய் திரும்புவதை ஆஸ்பிரின் தடுக்கவில்லை. ஆகவே இதைப் படிக்கும் பெற்றோர் எவரும் தாமாக ஆஸ்பிரின் வாங்கிக் கொடுக்க வேண்டாம். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புராஸ்டாகிளாண்டினையும் அது குறைத்து இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும்.

ஆஸ்பிரின் முரசு செய்யும் பட்டறையையே மூடப் பார்க்கிறது. ஈபி4 ஏற்பியை மட்டும் அடைக்கும் மருந்துகளையும் அறிஞர்கள் புற்றுநோயாளிகளிடம் சோதித்துள்ளனர். முரசு ஒலித்துக்கொண்டே இருந்தாலும் அது வீரரின் செவியில் விழாதபடி செய்வதே இம்மருந்துகளின் நோக்கம்.