நியூசிலாந்தின் புக்கெகோஹியில் டாரன்டுலா குஞ்சு வளர்ப்பு: முழுமையான வழிகாட்டி

முட்டைப் பையைவிட்டு வெளியேறிச் சில வாரமான டாரன்டுலா குஞ்சு ஒரு கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். வளர்ப்பவர்கள் இதை ‘ஸ்லிங்’ என்பார்கள். பெரிய உழைப்பு எதையும் இது கேட்பதில்லை. அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: முதலில் சட்டம்

நியூசிலாந்தின் காடுகளில் டாரன்டுலா கிடையாது. 1996-ஆம் ஆண்டின் அபாயகரப் பொருள்கள் மற்றும் புதிய உயிரினங்கள் சட்டப்படி, 1998 ஜூலை 29-க்கு முன் நாட்டில் இல்லாத இனங்கள் ‘புதிய உயிரினம்’ என்றே கணக்கு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியின்றி அவற்றை உள்ளே கொண்டுவர முடியாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும் எண்ணமே வேண்டாம். உள்ளூரில் வாங்கும்போதும் அறிவியல் பெயரையும் தாய்ச்சிலந்தி வந்த வழியையும் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் முதன்மைத் தொழில்கள் அமைச்சகத்திடம் விசாரித்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

படி 2: எந்த இனம்?

மெக்சிகோ செம்முழங்கால், சுருள்முடி போன்ற அமெரிக்கக் கண்டத்து இனங்கள்தான் புதியவர்களுக்கு ஏற்றவை. நிதானமானவை, மெதுவாக வளர்பவை. வளர்ந்தபின் மிரண்டால் வயிற்று முடியை உதறும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் டாக்டரிடம் ஓட வேண்டும்.

நம் தமிழ்நாட்டுச் சிலந்திகளும் அழகில் குறைந்தவையல்ல. ராமேஸ்வரம் தீவில் கண்டறியப்பட்டு 2004-இல் விவரிக்கப்பட்ட பாராசூட் சிலந்தியின் அறிவியல் பெயரிலேயே அங்குள்ள அனுமவிலாசம் கோவிலின் பெயர் இருக்கிறது. ஆனால் இந்தப் பேரினத்தின் கடி கடும் தசைப்பிடிப்பைத் தரும்; ஓட்டமோ மின்னல் வேகம். 2019-இல் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. ஊர்ப்பாசத்தை இதில் காட்ட வேண்டாம்.

படி 3: டப்பா

மூடியுள்ள சிறிய தெளிவான பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கவாட்டில் ஊசியால் துளையிடுங்கள். துளை குஞ்சின் தலைப்பகுதியைவிடச் சிறியதாக இருக்கட்டும். உள்ளே 4 முதல் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூளை லேசாக அழுத்தி நிரப்புங்கள். புக்கெகோஹியின் சிவந்த எரிமலை மண் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பேர்போனது என்றாலும் அதை டப்பாவில் போடாதீர்கள். உரமும் பூச்சிமருந்தும் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது.

ஒரு மூலையை மட்டும் சொட்டுநீரால் ஈரமாக்கி, மறுபக்கத்தைக் காயவிடுங்கள். எங்கே இருப்பது என்று குஞ்சே பார்த்துக்கொள்ளும். டப்பாவின் சுவரில் நீர் முத்து முத்தாக நின்றால் காற்று போதவில்லை, பூஞ்சை வரும்.

படி 4: குளிர்காலம்

20 முதல் 25 டிகிரி வரை போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீட்டிலேயே கதகதப்பான அறையின் அலமாரியில் வையுங்கள். டப்பாவுக்கு அடியில் சூடேற்றும் பாய் வைப்பது ஆபத்து. சூடு பட்டால் சிலந்தி கீழே தோண்டித்தான் தப்பிக்கப் பார்க்கும். அங்கேதான் சூடு அதிகம். குளிரில் தீனி குறைவதும் வளர்ச்சி மந்தமாவதும் இயல்பு.

படி 5: தீனி

வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, குஞ்சின் வயிற்றைவிடப் பெரிதாகாத இரை. பறக்காத பழ ஈ, குட்டிக் கிரிக்கெட் பூச்சி, நறுக்கிய மீல்வார்ம் துண்டு என எதுவும் சரி. மறுநாளும் கிடந்தால் எடுத்துவிடுங்கள். மருந்தடித்த காய்கறி வயல்கள் சூழ்ந்த ஊர் இது. வெளியே பிடித்த பூச்சியைக் கொடுக்காமல் கடையில் வாங்குவதே நல்லது.

படி 6: சட்டை உரித்தல்

புதியவர்கள் பதறுவது இங்கேதான். முதலில் தீனியை ஒதுக்கும். வயிறு உப்பிப் பளபளத்து, கறுத்துத் தெரியும். சில குஞ்சுகள் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். பிறகு நூல் விரிப்பு ஒன்று நெய்து அதில் மல்லாந்து படுக்கும். செத்துவிட்டது என்று நினைத்துப் புரட்டிப் போட்டவர்கள் உண்டு. செத்த சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்தபடி கால்களை உடலுக்கடியில் சுருட்டிக்கொண்டு கிடக்கும்.

முதுகோடு மூடிபோலக் கழன்று திறக்க, கால்கள் ஒவ்வொன்றாக அல்லாமல் எட்டும் சேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமாக உருவிவரும். நச்சுப்பல்லின் உறையும் உறிஞ்சும் இரைப்பையின் உட்தோலும்கூடக் கழன்றுவிடும். புதுப்பல் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்த பிறகே இரை போடுங்கள். அதற்கு முன் உயிருள்ள கிரிக்கெட் பூச்சி உள்ளே இருந்தால் அது குஞ்சையே கடித்துவிடும்.

கழன்ற சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். குஞ்சு கொஞ்சம் பெரிதானதும் சட்டையின் உட்புறத்தை உருப்பெருக்கியில் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லலாம். செம்முழங்கால் பெண் 20 ஆண்டுக்கு மேலும் வாழும். ஆணுக்கு ஆயுள் மிகக் குறைவு.

படி 7: வீட்டுக்குள் இருக்கும் எமன்கள்

பூனை, நாய்க்குப் போடும் உண்ணி மருந்து, தானாகப் பீய்ச்சும் ஈ மருந்து இரண்டும் சிலந்தியைக் கொல்லும். செல்லப்பிராணியைத் தடவிய கையோடு டப்பாவைத் தொடாதீர்கள். கையில் ஏற்றி விளையாடுவதும் வேண்டாம். கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துவிடும். வளர்க்க முடியாமல் போனால் இன்னொரு வளர்ப்பாளரிடம் ஒப்படையுங்கள். தோட்டத்தில் விடுவது சட்ட மீறல்.

குஞ்சு கிடைக்காவிட்டால்

டாரன்டுலாவின் உறவுக்காரர் நியூசிலாந்திலேயே உண்டு, சுரங்கவலைச் சிலந்தி. வடக்குத் தீவில் வரிபோட்ட இனத்தை மக்கும் மரக்கட்டைக்கு அடியில் காணலாம். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் படத்தின் ராட்சதச் சிலந்திக்குப் பீட்டர் ஜாக்சன் மாதிரியாக எடுத்தது அதன் கறுப்பு உறவைத்தான். பாதுகாப்பு நிலங்களிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது. சொந்தத் தோட்டத்தில் கிடைத்தால் டப்பாவை இன்னும் ஈரமாக, இன்னும் குளிர்ச்சியாக வைத்து இதே முறையில் வளர்க்கலாம்.