எமுலேட்டருடன் ஃபர்ம்வேர் வழங்குவோருக்கு

ஒரு கணினியின் வன்பொருளை மென்பொருளாலேயே உருவகப்படுத்தும் நிரலே எமுலேட்டர் ஆகும். கணினி இயக்கப்பட்டவுடன் முதலில் இயங்கும் ஃபர்ம்வேர் என்னும் அடிப்படை நிரல் இல்லாமல் எமுலேட்டர் பெரும்பாலும் பயன்படாது என்பதால், கியூஎமு போன்ற திறமூல எமுலேட்டர்கள் ஃபர்ம்வேரை இருமக் கோப்பாகவே, அதாவது கணினி நேரடியாக இயக்கும் வடிவிலேயே, சேர்த்து வழங்குகின்றன. அவற்றை மறுவிநியோகம் செய்வோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

• உரிமம்: கியூஎமு ஒட்டுமொத்தமாக ஜிபிஎல் 2 உரிமத்தில் வெளிவந்தாலும், அதனுடன் வரும் ஃபர்ம்வேர்களுள் சீபயாஸ் எல்ஜிபிஎல் 3 உரிமத்தையும் ஓப்பன்எஸ்பிஐ பிஎஸ்டி உரிமத்தையும் கொண்டிருப்பதால், ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் தனித்தனியே சரிபார்த்து, உரிம வாசகத்தையும் இணைக்க வேண்டும்.

• மூலநிரல்: ஜிபிஎல் 2 உரிமமுள்ள இருமக் கோப்பை வணிக நோக்கில் வழங்குவோர், அதே பதிப்பின் மூலநிரலையும் தொகுப்பதற்கான கட்டளைக் கோப்புகளையும் உடன் தரவோ, அவற்றைக் கேட்போருக்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகள் செல்லுபடியாகும் எழுத்துவழி உறுதியை அளிக்கவோ கடமைப்பட்டவர்கள்.

• பழைய ரோம்கள்: அமிகா கணினியின் கிக்ஸ்டார்ட் போன்ற பதிப்புரிமையுள்ள ரோம்களை (படிக்க மட்டுமான நினைவகத்தில் பதிந்த ஃபர்ம்வேர்களை) அனுமதியின்றிச் சேர்க்காமல், அவற்றுக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட ஏராஸ் போன்ற திறமூல ரோம்களை வழங்குவதே முறையாகும்.

• சரிபார்ப்பு: கோப்பு திருத்தப்படவில்லை என்பதைப் பயனரே ஒப்பிட்டு உறுதிசெய்ய, அதன் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புக் குறியீட்டையும் வெளியிட வேண்டும்.