தீயணைப்போர் தொண்டும் நம் கடமையும்

ஐம்பூதங்களுள் மக்கள் தம் கையால் ஆக்கவும் அவிக்கவும் வல்லது தீ ஒன்றே. நிலமும் நீரும் வளியும் வானும் நாம் வேண்டினும் வேண்டாவிடினும் நம்மைச் சூழ்ந்து நிற்பன. தீயோ பெரும்பாலும் நாம் மூட்டிய பின்னரே தோன்றி, நாம் இட்ட இரையை உண்டு, நாம் வகுத்த எல்லையுள் அடங்கி நமக்கு ஏவல் செய்வது. அடுப்பில் நின்று உணவாக்குவதும், விளக்கில் நின்று இருளகற்றுவதும், உலையில் நின்று இரும்பை உருக்குவதும் அதுவே. அவ்வெல்லையை அஃது ஒரு கணம் கடக்குமாயின் ஏவலன் அரசனாகி ஊரையும் உயிரையும் உண்டொழிப்பான். எல்லை கடந்த தீயை மீண்டும் அடக்குதலையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோர் தீயணைப்போர். அவர் தொழிலின் வரலாறு, அதன் நுட்பம், அஃது அவர்தம் உடற்கும் உள்ளத்திற்கும் செய்யும் ஊறு, அவர் நமக்குப் புகட்டும் அறிவு ஆகிய நான்கனையும் முறையே ஈண்டு ஆராய்வாம்.

தொழிலின் வரலாறு

உரோமைப் பேரரசனாகிய அகஸ்டஸ் கி. பி. 6ஆம் ஆண்டில் இராக்காவலும் தீயணைப்பும் ஒருங்கே செய்யும் படையொன்றை அந்நகரில் நிறுவினான். எனினும் பிற்காலத்து நகரங்கள் பல அத்தகைய காவலின்றியே நெடுநாள் இருந்தன. 1666ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் மாநகரில் ஒரு ரொட்டிக் கடையில் எழுந்த தீ, நான்கு நாட்களில் 13,200 வீடுகளை எரித்தது. அதன் பின்னர்த் தோன்றிய தீக்காப்பீட்டுச் சங்கங்கள் தத்தம் பொருள் நட்டத்தைக் குறைத்தற் பொருட்டுத் தனித்தனியே ஆட்களை அமர்த்தின. ஊரார் உயிரைக் காத்தல் ஊரின் பொதுக் கடமை என்னும் எண்ணம் அப்பொழுதும் வேரூன்றவில்லை.

அவ்வெண்ணத்திற்கு வடிவு கொடுத்தோருள் தலையாயவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவர். 1824ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் நகராண்மைத் தீயணைப்புப் படைக்குத் தலைவராயினார். கூரை வேய்வோர், தச்சர், கொத்தர், கருமார் முதலிய தொழிலாளரையே அவர் தேர்ந்தெடுத்தார். வீடு கட்டுவோனே வீடு எவ்வாறு வீழும் என்பதனையும் அறிவான் என்பது அவர் கருத்து. தெருவில் நின்று நெடுந்தொலைவிலிருந்து நீர் வீசுதல் வீண். உள்ளே புகுந்து தீயின் வேரைத் தேடி அதன்மேல் நீர் பாய்ச்சுதல் வேண்டும் என அவர் கற்பித்தார். 1833இல் லண்டன் படைக்குத் தலைமை பூண்ட அவர், 1861ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் டூலி தெருக் கிடங்குகள் எரிந்தபொழுது சுவரொன்று தம்மேற் சாய உயிர் துறந்தார். தாம் கற்பித்த பாடத்திற்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார் என்னலாம்.

நம் நாட்டில் இத்தொழிலோர் மறவாது போற்றும் நாள் ஒன்று உண்டு. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், உலகப் போர் நிகழ்ந்த காலத்து, பம்பாய் விக்டோரியா கப்பல் துறையில் ‘போர்ட் ஸ்டிக்கின்’ என்னும் நீராவிக் கப்பல் நின்றது. ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்தும் பருத்திப் பொதிகளும் அதனுள் ஏற்றப்பட்டிருந்தன. நண்பகல் கழிந்த பின் பொதிகளினின்று புகை எழுந்தது. தீயணைப்போர் விரைந்து வந்து நீர் பாய்ச்சினர். இறுகக் கட்டிய பருத்தியினுள் நீர் புகவில்லை. வெடிமருந்து உளதென அறிந்த பின்னரும் அவர் குழாயைக் கைவிட்டிலர். மாலை 4 மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்துச் சிதறிற்று. அரைமணி அளவில் மீண்டும் ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்தது. மாண்ட நூற்றுக்கணக்கானோருள் 66 பேர் தீயணைப்போர். அவர் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாகவும், அந்நாள் முதல் 20ஆம் நாள் வரை தீத்தொண்டு வாரமாகவும் நாடெங்கும் கொண்டாடப்படுகின்றன.

இந்நிகழ்ச்சியில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உளது. பருத்தியையும் வெடிமருந்தையும் ஒரே அறையில் அடுக்கியோர் வேறு. அதன் பயனை நுகர்ந்தோர் வேறு. ஒருவர் அயர்ச்சிக்கு மற்றொருவர் உயிர் ஈடாதல் இத்தொழிலின் இயல்பு. இதனை உள்ளத்திற் கொண்டு மேலே செல்வாம்.

தொழிலின் நுட்பம்

தீ எரிதற்கு எரிபொருள், பிராணவாயு, வெப்பம் என மூன்று வேண்டும். மூன்றனுள் ஒன்றை அகற்றின் தீ அவியும். ஆகவே தீயணைக்கும் முறைகளும் மூவகைப்படும். நீரூற்றி வெப்பத்தைத் தணித்தல் ஒன்று. மூடியோ மணலோ நுரையோ கொண்டு காற்றைத் தடுத்தல் ஒன்று. எரிதற்குரிய பொருளை அப்புறப்படுத்தல் ஒன்று. கூரை எரியுங்கால் அடுத்த வீட்டுக் கீற்றைப் பிரித்தெறிவது மூன்றாவதன்பாற் படும்.

நீர் எல்லாத் தீக்கும் பகையன்று என்பது பலர் அறியாதது. கொதிக்கும் எண்ணெய் பற்றியெரியுங்கால் நீரூற்றின், நீர் எண்ணெயினுங் கனமுடைமையால் அடியிற் சென்று கணத்தில் ஆவியாகும். நீர் ஆவியாகுங்கால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியுமாதலின், எரியும் எண்ணெயை நாற்புறமும் அது வீசியெறியும். மின்சாரத் தீயில் நீரூற்றுவோன் தன் உடலிலேயே மின்சாரத்தை வாங்கிக்கொள்ளக் கூடும். ஆகவே எரிவது யாது என அறிந்த பின்னரே எதனால் அணைப்பது எனத் துணிதல் வேண்டும். அத்துணிவைச் சில நொடிகளிற் கொள்ளுதலே தீயணைப்போன் கல்வி.

தமிழ்நாட்டில் தீயணைப்போராகப் புக விரும்புவோர், சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் எழுத்துத் தேர்விலும் உடற்றிறத் தேர்விலும் தேறுதல் வேண்டும். பின்னர் ஏணி ஏறுதல், குழாய் விரித்தல், மூச்சுக் கருவி அணிந்து புகையிற் புகுதல், மயங்கினோரைத் தோளிற் சுமந்து இறங்குதல், முதலுதவி முதலியன பழக்கப்படும். மேனிலை அதிகாரிகளின் பயிற்சிக்கென 1956இல் நிறுவப்பட்ட தேசியத் தீயணைப்புக் கல்லூரி நாகபுரியில் உளது. தீயணைத்தல் மட்டுமே இவர் தொழில் என்று எண்ணற்க. கிணற்றில் வீழ்ந்த பசுவைத் தூக்குவதும், வீட்டிற் புகுந்த பாம்பைப் பிடிப்பதும், வெள்ளத்திற் சிக்கினோரைப் படகில் ஏற்றுவதும் இவர்க்கே உரியன. இத்துறையின் பெயரில் மீட்புப் பணிகள் என்னும் சொல்லும் சேர்ந்து நிற்றல் இதுபற்றியே என்க.

உடற்கும் உள்ளத்திற்கும் நேரும் ஊறு

தீயணைப்போனுக்குச் சுடரே முதற்பகை என நாம் நினைப்போம். உண்மை வேறு. பன்முறையும் கொல்வது புகையே. எரியும் பொருளினின்று தோன்றும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியிற் கலந்து பிராணவாயுவின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். இக்கால வீடுகளில் மலிந்துள்ள பிளாஸ்டிக்கும் நுரைமெத்தையும் எரியுங்கால் எழும் புகை பின்னும் கொடிது. தீயணைப்போர் தம் தொழிலில் ஏற்கும் நச்சுக்கள் புற்றுநோய் விளைப்பன என 2022இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஐயமின்றி வகைப்படுத்தியது. அணைந்த தீயும் அவர் உடையிலும் நுரையீரலிலும் தங்கிப் பல்லாண்டு கழிந்து கொல்லக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

இதயத்திற்கு நேரும் ஊறு அதனினும் பெரிது. அமெரிக்க நாட்டுத் தீயணைப்போரைக் குறித்து 2007இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, பணியில் இறந்தோருள் நூற்றுக்கு 39 பேர் இதய நோயால் இறந்தனர் எனக் காட்டிற்று. அவ்விதய மரணங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தீயணைக்குங்கால் நேர்ந்தது. அவர்தம் பணிக்காலத்தில் தீயோடு பொருதும் நேரமோ நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கே. உறக்கத்தில் இருப்பவன் மணியொலி கேட்டு எழுந்து, கனத்த உடையும் முதுகிற் காற்றுக் கலமும் தாங்கி, வெம்மையினுள் ஓடுகின்றான். அமைதியினின்று பெருமுயற்சிக்கு அவன் இதயம் ஒரு நொடியிற் பாய்கின்றது. இடையே இளைப்பாறும் படி இல்லை.

உள்ளத்தின் சுமையைக் கருவியால் அளத்தல் அரிது. காத்த உயிர்களை அவர் மறப்பினும், காக்கவியலாத உயிர்களை மறவார். ஒரு குழந்தையின் உடலை ஏந்தி வந்தவன், அன்று மாலையே தன் குழந்தையை மடியில் இருத்தி உணவூட்ட வேண்டியவனாகின்றான். அஞ்சாமையே இத்தொழிலின் அணி என்று உலகம் புகழ்தலால், தன் துயரை வெளியிடவும் அவன் நாணுகின்றான். வாய்விட்டு உரைத்தலும் மருத்துவ உதவி நாடுதலும் கோழைமையல்ல என்பதனை அத்துறையினரும் நாமும் ஒருங்கே உணர்தல் வேண்டும். வீரரைப் புகழ்தல் எளிது. அவர் உறங்குதற்கு வழி செய்தல் அரிது.

அவர் புகட்டும் அறிவு

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் உணவு சமைக்குமிடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையிற் பற்ற, 94 குழந்தைகள் மாண்டனர். கூரை எரிதற்கு வேண்டிய நேரம் சில நிமிடங்களே. தீயணைப்பு வண்டி எத்துணை விரைந்தோடினும் அந்நிமிடங்களை வெல்லல் அரிது. ஆகவே வண்டி வருமுன் உள்ள நேரம் மக்களுடையது. அந்நேரத்தை நாம் பயன்படுத்தும் வழியைக் கற்பித்தற்கே தீயணைப்போர் பள்ளிகளுக்கும் ஆலைகளுக்கும் சந்தைகளுக்கும் சென்று ஒத்திகை காட்டுகின்றனர். தீபாவளிக்கு முன் துண்டுத்தாள் வழங்குகின்றனர். அவர் கூறுவனவற்றுட் சில வருமாறு:

எண்ணெய்ச் சட்டி பற்றினால் அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுக, நீரூற்றற்க. சமையல் வாயு கசியும் நாற்றம் வரின் விளக்குச் சுவிட்சைத் தொடாது, உருளையின் திருகை மூடிச் சாளரங்களைத் திறக்க. புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து செல்க. நல்ல காற்று கீழேயே நிற்கும். ஆடை பற்றினால் ஓடற்க. ஓட்டம் காற்றை ஊட்டும். நின்று, கிடந்து, உருள்க. எரியும் மாளிகையில் மின்தூக்கியில் ஏறற்க. தீப்புண்ணிற்கு மையும் மாவும் பூசாது, 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீர் விடுக. 101 அல்லது 112 என்னும் எண்ணை அழைத்து, முதலில் இடத்தைத் தெளிவாகக் கூறுக.

இவை கற்றற்கு எளிய, ஒழுகுதற்கே அரிய. அழைப்பென்று நம்பி ஓடிச்சென்று பொய்யழைப்பெனக் கண்டு மீளும் வண்டி, அந்நேரத்தில் வேறோரிடத்தில் எரியும் வீட்டிற்குக் கிட்டாமற் போகும். தெருவின் இருமருங்கும் நிறுத்திய வாகனங்களும், வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டமும், படிக்கட்டின் கீழ் அடுக்கிய பழம்பெட்டிகளும் பம்பாய்க் கப்பலிற் பருத்தியை அடுக்கியோர் செயலுக்கு ஒப்பனவே. நம் அயர்ச்சியின் விலையைக் கொடுப்போர் முன்பின் நம்மை அறியாதார்.

மாணவ நண்பர்காள்! நம் விடுதித் தாழ்வாரத்தில் தொங்கும் சிவந்த உருளையை நாள்தோறும் கடந்து செல்கின்றோம். அதன் ஊசியை இழுத்து, குழலைச் சுடரின் தலைக்கன்றி அடிக்கு நேராகப் பிடித்து, பிடியை அழுத்தி, இருபுறமும் வீசுதல் வேண்டும் என அறிந்தார் நம்முள் எத்துணைவர்? நம் அறைக்கு இரண்டாவது வாயில் யாதென இருளிற் காட்டவல்லார் எத்துணைவர்? காப்பியங்களில் எரியுண்ட நகரங்களைப் பற்றிக் கற்கும் நாம், நாம் உறையும் கட்டடம் எரியாதிருத்தற்கு வழி கற்றல் இழிவாகாது. தீயணைப்போன் அடையும் மிகச் சிறந்த வெற்றி அவன் அணைத்த தீயன்று; எழாது நின்ற தீயே. அவ்வெற்றியை அவனுக்கு அளித்தல் நம் கையில் உளது. அவனைப் போற்றும் வழிகளுள் அதனினும் உயர்ந்தது பிறிதில்லை.