பஸ் வசதியும் ஊர்க் கணக்கும்

ஓர் ஊருக்குச் சாலை வந்துவிட்டால் போக்குவரத்தும் வந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது முழு உண்மையன்று. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தால் தார்ச்சாலை கண்ட கிராமங்கள் பல. ஆயினும் வேண்டிய வேளையில் அச்சாலையில் வண்டி ஓடினாலன்றிக் காய்கறி சந்தைக்குப் போய்ச் சேராது. மேல்நிலைப் பள்ளி இல்லாத ஊரில் பெண் குழந்தையின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிடவும் கூடும்.

அரசின் ஏற்பாடுகள்

பெரிய பஸ் செல்லாத ஊர்களுக்கென 1997-இல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தது. 2025-இல் புதிய விரிவான மினி பஸ் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வழித்தடம் 25 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. அதில் 65 சதவீதத்திற்குக் குறையாத தூரம் பஸ் வசதியற்ற பகுதியாக இருத்தல் வேண்டும். அதாவது, 20 கிலோமீட்டர் வழித்தடத்தில் 13 கிலோமீட்டரேனும் பஸ் காணாத பகுதியாகும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். ஆனால் பஸ் வராத ஊரில் இச்சலுகையால் பயன் விளையாது.

கருவி அறிவதும் அறியாததும்

வண்டி செல்லும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே அறியும் கருவிகள் இன்று வந்துள்ளன. எங்கு எத்தனை பேர் ஏறினர் என்பதை டிக்கெட் கருவி பதிவு செய்கிறது. இவை மிகவும் பயனுள்ளவை. ஆயினும் விடியற்காலையில் கீரைக்கட்டுடன் காத்திருந்து, வண்டி இன்மையால் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துச் சென்ற விவசாயியை எந்த டிக்கெட் கருவியும் அறியாது. நேரம் பொருந்தாமையால் ஏறுவோர் குறைந்திருக்க, ஊருக்குப் பஸ் தேவையில்லை என்றே அக்கணக்குக் காட்டும். அதனால் உள்ள நடையும் குறைந்துபோகலாம். விடுபட்ட கணக்கை ஊரார்தாம் எடுத்தளிக்க வேண்டும்.

கணக்கெடுக்கும் முறை

1. சந்தை நாள் உட்பட ஒரு வாரம், காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை ஊர் எல்லையில் கணக்கெடுத்தல் வேண்டும்.

2. யார், எவ்வூருக்கு, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், இப்போது எவ்வாறு செல்கின்றனர், செலவு எவ்வளவு என்று எழுதுதல் வேண்டும்.

3. வண்டியின்மையால் வீட்டிலேயே தங்கிவிட்டோரை வீடு வீடாகச் சென்று கேட்டறிதல் வேண்டும். கர்ப்பிணிகளும் முதியோரும் பெரும்பாலும் இவ்வகையினரே.

4. குறுகிய வளைவு, தாழ்ந்த கிளை, வண்டி திரும்பும் இடம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும்.

டீசலும் சம்பளமும் கட்டுபடியாகாத வழித்தடம் நிலைத்து ஓடாது. ஆதலின் அண்டை ஊர்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே வழித்தடத்தைக் கேட்பது நலம். அப்போதும் நேரத்தைப் பற்றி ஊர்களுக்குள் பிணக்கு எழலாம். பள்ளி மணியையும் சந்தை நேரத்தையும் முன்வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கிராம சபையின் கடமை

இக்கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதன் நகல்களை மாவட்ட ஆட்சித் தலைவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், பஸ் பணிமனையின் கிளை மேலாளர் ஆகியோருக்கு அனுப்புதல் நன்று. “எங்களுக்குப் பஸ் வேண்டும்” என்று மட்டும் எழுதும் மனுவைவிட, “காலை 6 மணிக்கு 30 பேர் சந்தைக்குச் செல்ல வேண்டும்” என்று காட்டும் மனுவே அதிகாரிகள் முடிவெடுக்கத் துணைபுரியும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் அடுத்த கிராம சபைக்கு முன்னரே இப்பணியைத் தொடங்குவார்களாக.