வன்தட்டைப் பகுக்கும் கருவிகள்

ஒரு வீட்டில் சுவர் எழுப்பிப் பல அறைகள் அமைப்பது போல, கணினியின் வன்தட்டு ஒன்றைப் பல பகுதிகளாகப் பிரிக்கலாம். இயங்குதளத்திற்கு ஒரு பகுதி, நம் கோப்புகளுக்கு மற்றொரு பகுதி என ஒதுக்கினால், இயங்குதளத்தை மீண்டும் நிறுவ நேரும்போது கோப்புகளைத் தொடாமல் விடலாம். விண்டோஸ் உள்ள கணினியிலேயே, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் நிறுவ விரும்புவோர் தனிப் பகுதி ஒன்றை ஒதுக்குவர். ஆயினும், பகுக்கும்போது நேரும் ஒரு பிழை, ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஒளிப்படங்களையும் பாடக்குறிப்புகளையும் நொடியில் அழித்துவிடும். ஆகவே, தக்க கருவியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

பகுப்பு அட்டவணை

எந்தப் பகுதி எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதைக் குறித்துவைப்பது பகுப்பு அட்டவணை. இதில் இருவகை உண்டு. பழைய வகையான எம்.பி.ஆர். நான்கு முதன்மைப் பகுதிகளையே ஏற்கும். 512 பைட் கூறுகளைக் கொண்ட தட்டில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை அதனால் குறிக்க இயலாது. புதிய வகையான ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் 128 பகுதிகள் வரை அமைக்கும். மேலும், ஜி.பி.டி. தன் அட்டவணையின் நகலைத் தட்டின் இறுதியிலும் வைத்திருப்பதால், முதற்பிரதி சிதைந்தாலும் மீட்க வழியுண்டு.

மூன்று கருவிகள்

விண்டோஸுடன் வரும் டிஸ்க் மேனேஜ்மென்ட், பகுதிகளைப் படமாகக் காட்டும்; தொடக்கநிலையாளர்க்கு ஏற்றது. பகுதியைச் சுருக்கவும் விரிக்கவும் இது உதவும். எனினும், வலப்புறம் ஒட்டியுள்ள வெற்றிடத்திற்குள் மட்டுமே ஒரு பகுதியை இதனால் விரிக்க இயலும். பகுதியை இடம்பெயர்க்க இயலாது.

டிஸ்க்பார்ட், கட்டளைகளால் இயங்குவது. இதன் 'கிளீன்' கட்டளை, உறுதிப்படுத்துமாறு கேளாமலே தெரிவுசெய்த தட்டின் பகுப்பு விவரங்களை நீக்கிவிடும். நன்கு பழகியவரே இதனைக் கையாளலாம்.

ஜிபார்ட்டெட், கட்டற்ற மென்பொருள். இது பகுதிகளை இடம்பெயர்க்கவும் வல்லது. இயங்கிக்கொண்டிருக்கும் பகுதியை மாற்றுவது தீங்காகலாம் என்பதால், இதனைப் பென்டிரைவிலிருந்து இயக்குவதே முறை. அதற்கு முன் விண்டோஸை முழுமையாக நிறுத்த வேண்டும், உறங்குநிலையில் விடலாகாது.

செய்யவேண்டிய பணியை முதலில் வரையறுத்து, அதற்குப் போதுமான மிக எளிய கருவியைத் தெரிந்தெடுப்பதே அறிவுடைமை.

வருமுன் காத்தல்

1. காப்பு நகலை வேறொரு சாதனத்தில் வைத்தல் வேண்டும். பகுதிகள் பலவாயினும் தட்டு ஒன்றே. அது பழுதுற்றால் அனைத்தும் அழியும்.
2. நகலெடுத்த கோப்புகள் சரியாகத் திறக்கின்றனவா எனச் சோதித்தல் வேண்டும்.
3. பகுதியை நகர்த்தும்போது மின்சாரம் தடைப்பட்டால் தரவிழப்பு நேரலாம். மடிக்கணினியை மின்னிணைப்பிலேயே வைத்தல் வேண்டும்.
4. பிட்லாக்கர் காப்பு இருப்பின், மீட்புக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, காப்பை நீக்கிய பின்னரே தொடங்குதல் வேண்டும்.
5. பயன் அறியாச் சிறு பகுதிகளை நீக்கலாகாது. கணினியைத் தொடங்கும் கோப்புகள் அவற்றில் இருக்கலாம்.

அருஞ்சொற்பொருள்

வன்தட்டு – ஹார்டு டிஸ்க்
பகுத்தல் – பிரித்தல், பார்ட்டிஷன் செய்தல்
காப்பு நகல் – பேக்கப்
கட்டற்ற மென்பொருள் – எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: தரவிழப்பு, மின்னிணைப்பு, வெற்றிடம்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க:
1. எம்.பி.ஆர். முறையின் குறைகள் யாவை?
2. காப்பு நகலை அதே தட்டின் மற்றொரு பகுதியில் வைப்பது ஏன் போதாது?

இ. சிந்தித்து எழுதுக:
ஒரு மாணவியின் கணினியில் 'சி' பகுதி நிரம்பிவிட்டது. அதன் வலப்புறம் 'டி' பகுதியும், அதற்கும் அப்பால் வெற்றிடமும் உள்ளன. 'டி' பகுதியை அழிக்காமல் 'சி' பகுதியை விரிக்க எக்கருவி உதவும்? காரணம் தருக.